எங்கள் ஊரில் 420 செல்லாது

புதுச்சேரியில் நான் பார்த்தவரை பொய்யே சொல்லாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர், ஒரு மோசடிக் குற்றத்தின் நம்பர்.

நானூத்தஞ்சு. தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "பேரு எதுக்கு? வேலையைச் சொல்லு" என்பார். கோர்ட்டுக்கும் மற்ற ஆபீஸ்களுக்கும் பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுப்பது அவர் தொழில்.

அவர் பெயர் பெற்ற கதையைச் சொல்வதற்கு முன் ஒரு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். நேற்று காலை பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் மட்டும், மூன்று பேர் மூன்று பேரை 'ஃபோர் ட்வென்ட்டி' என்று திட்டினார்கள். ஒருவர் ஆட்டோக்காரரை. ஒருவர் சொந்த மாப்பிள்ளையை. ஒரு அம்மாள் பூனையை. பூனையை! நானூத்தஞ்சு இருந்திருந்தால் அந்தப் பூனையை நாற்காலி போட்டு உட்காரவைத்து விசாரித்திருப்பார்.

அப்போது நான் ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே, பதினான்கு அடி தள்ளி, முனுசாமியின் மிலிட்டரி ஓட்டல். ஆறு மேஜை, இருபத்திரண்டு நாற்காலி. இருபத்து நான்கு இருக்க வேண்டும். மீதி இரண்டு எங்கே போயின என்று முனுசாமியை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். மூன்றாவது மேஜையில் காலை ஒன்பது மணிக்கு நானூத்தஞ்சு வந்து உட்காருவார். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டு. அதில் ஏழு பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. முன்னால் அட்டை கிழிந்த பிரெஞ்சுச் சட்டப் புத்தகம் ஒன்று. "பத்தொம்பது வருஷம் கோர்ட்டுல இருந்தேன்" என்பார். கோர்ட்டில் பத்திரங்களையெல்லாம் எழுதிக் காக்கும் பெரிய குமாஸ்தாவுக்கு அப்போது 'கிரெஃபியே' என்று பெயர். அந்தக் கோட்டையும் அந்தப் புத்தகத்தையும் பார்த்தவர்கள் இவர் ஓய்வு பெற்ற கிரெஃபியே என்று முடிவு கட்டி, "முசே" என்று எழுந்து நின்று கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் ஐயா என்பதற்கு அப்போது முசே.

அவரிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. யாராவது பேசினால் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். வலது கால் மட்டும் மேஜைக்கு அடியில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். நிமிடத்துக்குப் பதினெட்டு தடவை. கடிகாரம் வைத்து எண்ணியிருக்கிறேன். நாலு நாள் எண்ணினேன், நாலு நாளும் பதினெட்டுதான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு கடலூர், விழுப்புரம் பஸ்களில் எங்கள் ஊருக்குப் புதுச் சரக்குகள் நிறைய வந்தன. அதில் ஒன்று இந்த ஃபோர் ட்வென்ட்டி. இந்தியச் சட்டத்தில் ஏமாற்றுவதற்கு அந்த நம்பர். ஆனால் கொடி மாறியும் எங்கள் கோர்ட்டில் பழைய பிரெஞ்சுச் சட்டமே ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏமாற்றுவதற்கு நம்பர் 405. இது எங்களில் யாருக்கும் தெரியாது. யாரும் கவலைப்படவும் இல்லை, ஒரு நாள் காலை முனுசாமி பால்காரர் ஏழுமலையைப் பார்த்துக் கத்தும் வரை.

"யோவ், நீ மனுசனா, ஃபோர் ட்வென்ட்டியா?"

குவளையில் இருந்த பால் நீலமாக இருந்தது. அதில் முனுசாமியின் முகமே தெரிந்தது.

மூன்றாவது மேஜையில் கண் திறந்தது. "முனுசாமி, அந்த வார்த்தை இங்க செல்லாது."

"எந்த வார்த்தை முசே?"

"நானூத்தி இருவது. அது கடலூரோட நின்னுடுச்சு. இந்த ஊர்ல நானூத்தஞ்சு."

"சரி, இவன் நானூத்தஞ்சு!"

"அதுவும் இல்ல. நானூத்தஞ்சுக்கு மூணு வேணும். ஒண்ணு, தான் இல்லாத ஒரு ஆளா தன்னைக் காட்டிக்கணும். ரெண்டு, அதை எதிராளி நம்பணும். மூணு, நம்பினவனுக்கு நஷ்டம் வரணும். ஏழுமல, நீ யாரு?"

"பால்காரன் முசே."

"பாத்தியா? பால்காரன்னு சொல்லித்தான் ஊத்தறான். மொதலாவது அடிபட்டுப் போச்சு. முனுசாமி, அது பாலுன்னு நீ நம்பினியா?"

"எவன் நம்புவான் இத?"

"ரெண்டாவதும் போச்சு."

ஏழுமலை சும்மா போயிருக்கலாம். போகவில்லை. "முசே, நான் அது இல்லன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றார். நானூத்தஞ்சு உடனே எழுதிக் கொடுத்தார், பிரெஞ்சில், பதினோரு வரி. ஏழுமலை அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுக் கொட்டகையில் மாட்டினார். கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், அந்தச் சட்டத்துக்குக் கீழே நின்றுதான் தினமும் தண்ணீர் கலந்தார்.

அன்றிலிருந்து அவர் நானூத்தஞ்சு ஆனார். அவர் காதில் விழும்படி அந்தப் புதுச் சொல்லை யாரும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. ஒரே மாதத்தில் அறுபத்தொரு பேர் சொன்னார்கள், அறுபத்தொரு பேருக்கும் விசாரணை நடந்தது. புகார் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். லாஸ்பேட்டையிலிருந்து பாவாடை என்று ஒருவர் வருவார். விழுப்புரத்தைத் தாண்டாதவர், ஆனால் பாரீஸில் மூன்று வருடம் இருந்ததாகச் சொல்வார். ஈபில் கோபுரத்துக்கு இருநூறு படி என்று திங்கட்கிழமை சொன்னார். வியாழக்கிழமை தொள்ளாயிரம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது.

"இவரு பச்சை நானூத்தஞ்சு முசே" என்றேன்.

"ஒனக்கு என்ன நஷ்டம்?"

"எத்தனை படின்னு தெரியாம ரெண்டு நாள் தூக்கம் போச்சு."

"அது ஒன் வியாதி. இத்தினி பேரு வாயப் பொளந்துக்குனு கேட்டீங்க இல்ல? எவனுக்கும் நஷ்டமில்ல. மூணாவது இல்லன்னா நானூத்தஞ்சு இல்ல. பாவாட, நீ சொல்லு, கோபுரத்து மேல ஏறினப்புறம் என்ன ஆச்சு?"

கடலூர்ப் பக்கத்திலிருந்து சொந்த வேலையாக வந்த ஒரு ஏட்டு, மீன் குழம்பு சாப்பிட உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். அவர் திருடனைப் பிடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தபோது, "திருட்டுக்கு உங்க சட்டத்துல என்ன நம்பர்?" என்று நானூத்தஞ்சு குறுக்கிட்டார்.

"முந்நூத்தி எழுபத்தொம்பது."

நானூத்தஞ்சு கிழிந்த புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். பிரெஞ்சிலும் திருட்டுக்கு 379! ஏட்டு கையைப் பிசைந்த சோற்றிலேயே வைத்துக்கொண்டு உறைந்துபோனார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு தேசம், இரண்டு பாஷை, ஒரே நம்பர்.

"திருடன் யோக்கியன்யா" என்றார் நானூத்தஞ்சு. "எல்லை தாண்டினாலும் நம்பர மாத்திக்க மாட்டான். ஏமாத்தறவன்தான் ஊருக்கு ஊரு வேற நம்பரு."

இப்படியே போயிருந்தால் இதை ஒரு வேடிக்கை மனிதரின் கதையாக எழுதி முடித்திருப்பேன். சவரிமுத்து சமையலுக்கு வந்து சேர்ந்தார்.

முனுசாமி ஓட்டல் குசினியில் வேலை கேட்டு வந்தவர், குவர்னர் பங்களாவில் சமைத்தவன் என்று சொல்லிக்கொண்டார். முனுசாமிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று முழத்துக்குப் போர்டு எழுதி மாட்டினார்: 'குவர்னர் பங்களா குசினிக்காரர் கைப்பக்குவம்.' சவரிமுத்து ஒரு சூப் வைப்பார். வெள்ளையாக, மிளகு மிதக்க, பூண்டு மணக்க. முதலியார்பேட்டையிலிருந்தெல்லாம் வந்து குடித்தார்கள். ஏழு மாதம் அந்தச் சூப்பை நாங்கள் பிரெஞ்சுக்காரர்களைப் போல ஸ்பூனைச் சாய்த்துப் பிடித்துக் குடித்தோம்.

எட்டாவது மாதம், குவர்னர் பங்களாவில் முப்பத்தோரு வருடம் பரிமாறிய பட்லர் ஒருவர் சாப்பிட வந்தார். சூப்பைக் குடித்துவிட்டு, குசினிக்காரரைப் பார்க்க வேண்டும் என்றார். சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பட்லர் மேலும் கீழும் பார்த்தார். "நான் இவர அங்க பாத்ததே இல்லியே. அங்க யாரு கீழ வேல செஞ்சீங்க தம்பி?"

சவரிமுத்து துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"பங்களா ஆளு இல்ல இவரு" என்று பட்லர் முனுசாமியிடம் சொன்னார். பிறகு கிண்ணத்தை நீட்டி, "இன்னொரு சூப் கொண்டாங்க" என்றார்.

முனுசாமி கடைசிச் சொல்லைக் கேட்கவில்லை. பதினான்கு அடியை நான்கே எட்டில் தாண்டி எங்கள் அச்சகத்துக்குள் நுழைந்தார். "ஐந்நூறு நோட்டீஸ் போடுங்க. இவன் பேரு, ஊரு, எல்லாம். மேல பெரிய எழுத்துல ஃபோர் ட்வென்ட்டி ஜாக்கிரதை! மார்க்கெட்டுலயும் பஸ் ஸ்டாண்டுலயும் ஒட்டிடறேன்."

சவரிமுத்து பின்னாலேயே ஓடிவந்தார். "மொதலாளி, அடிச்சுடுங்க. வேலைய வுட்டு நிறுத்திடுங்க. நோட்டீஸ் மட்டும் வேணாம். நாலு புள்ளைங்க மொதலாளி. அத ஒட்டிட்டீங்கன்னா இந்த ஊர்ல எந்த அடுப்பாண்டையும் என்னச் சேக்க மாட்டாங்க."

"அத எம் போர்டைப் பாக்கறப்ப நெனச்சிருக்கணும்!"

எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "முனுசாமி, நம்பரு தப்பு."

எல்லோரும் ஓட்டலுக்குத் திரும்பினோம். பகல் பன்னிரண்டரை மணி. நான் எண்ணினேன்: பத்தொன்பது பேர். நானூத்தஞ்சு கண்ணை மூடிக்கொண்டார். கால் ஆட ஆரம்பித்தது.

"சவரிமுத்து, நீ பங்களாவுல சமைச்சியா?"

"இல்லீங்க. கனகசெட்டிக்குளத்துல, கடக்கரையில, வலை இழுக்கறவங்களுக்குக் குழம்பு வச்சுனு இருந்தேன்."

"அந்தச் சூப்?"

"எங்க ஊரு மீன் ரசங்க. புளி ஊத்தாம, கொஞ்சம் பால் ஊத்தினேன்."

பத்தொன்பது பேரும் தொண்டையைத் தடவிக்கொண்டோம். ஏழு மாதம் ஸ்பூனைச் சாய்த்துப் பிடித்துக் குடித்தது கனகசெட்டிக்குளத்து ரசம்! அதில் ஏழுமலையின் பால்!

"இல்லாத ஆளாக் காட்டிக்கினான்" என்றார் முனுசாமி, விரலை மடக்கி. "நான் நம்பினேன். இப்பச் சொல்லுங்க முசே. நீங்க சொன்னா நோட்டீஸ். நீங்க இல்லன்னு சொன்னா வேணாம். நானூத்தஞ்சா, இல்லியா?"

சவரிமுத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பால்காரரை விடுவித்தவர், பாவாடையை விடுவித்தவர், இவரையும் விடுவித்துவிடுவார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

நானூத்தஞ்சின் கால் நின்றது.

அது நின்று நான் பார்த்ததே இல்லை. நாற்பது வரை எண்ணினேன், ஆடவில்லை.

"நானூத்தஞ்சுதான்" என்றார். சவரிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நோட்டீஸ் போடு முனுசாமி. ஆனா ரெண்டு பேரு போடு. மொதல்ல எம் பேரு."

"ஒங்க பேரா? எதுக்கு முசே?"

"நீங்கள்லாம் என்ன கிரெஃபியேன்னு நெனச்சுனு இருக்கீங்க இல்ல? நான் கோர்ட்டுல பங்கா இழுத்தவன்."

சின்ன வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மின்விசிறி வருவதற்கு முன் நீதிபதியின் தலைக்கு மேல் பெரிய துணி விசிறி தொங்கும். அதன் கயிற்றைச் சுவர் வழியாக வெளியே விட்டிருப்பார்கள். வெளியே ஒருவர் உட்கார்ந்து, கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க ஆட்டிக்கொண்டிருப்பார். உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது, கேட்கத்தான் முடியும். பத்தொன்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, இவர் ஒவ்வொரு வழக்கையும் கேட்டிருக்கிறார். குப்பையில் போட்ட காகிதங்களை எடுத்துவந்து பார்த்துப் பார்த்து எழுதி பிரெஞ்சு பழகியிருக்கிறார். கோட்டு, ஒரு வக்கீல் வேண்டாமென்று போட்டது. அட்டை போன புத்தகமும் அப்படித்தான்.

எனக்கு நாற்காலி நழுவியது போல இருந்தது. நாலு நாள் அந்தக் காலை எண்ணியிருக்கிறேன். எண்ணிக்கை தெரிந்தது, எதை எண்ணுகிறேன் என்று தெரியவில்லை.

முனுசாமி மடக்கியிருந்த விரல்களை நீட்டினார். "நீங்க கிரெஃபியேன்னு எப்பவும் சொல்லலியே முசே? கோர்ட்டுல இருந்தேன்னுதானே சொன்னீங்க?"

"சொல்லல. நீங்க நெனச்சீங்க. ஊர்ல ஒவ்வொருத்தன் சொல்ற நம்பரையும் திருத்தினேன். இத மட்டும் திருத்தல. கோட்டையும் கழட்டல." எழுந்தார். "இவனாவது ஏழு மாசம். நான் எட்டு வருஷம். அதனால மொதல்ல எம் பேரு."

அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் எங்கள் கம்பாசிடர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நானூத்தஞ்சு ஒரு துண்டுக் காகிதத்தில் தன் பெயரை எழுதி என் கையில் கொடுத்தார். நானே எழுத்துப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தேன். முதல் வரி அவர் பெயர், ஒன்பது எழுத்து, 'கோர்ட்டில் பங்கா இழுத்தவர், கோட்டுப் போட்டு மனு எழுதுகிறார்.' இரண்டாவது வரி சவரிமுத்து. மேலே பெரிய எழுத்தில் 405. மை தடவி ஒரே ஒரு புரூஃப் எடுத்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "அந்த எம் பேரு கொஞ்சம் தெளிவா விழல. இன்னொரு தரம் மை போடு" என்றார். வெளியே மீதிப் பேரெல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

மை உருளையை எடுத்தேன். மூன்று முறை சரிபார்க்காமல் எதையும் மெஷினில் ஏற்றக் கூடாது என்பது என் வழக்கம். மூன்று என்றதும்தான் எனக்கு உறைத்தது.

"முசே, நீங்க ரெண்டுதான் பாத்தீங்க. மூணாவது பாக்கல."

"எது?"

"நஷ்டம். பாவாடை கேஸ்ல நீங்க சொன்னது."

"பாவாட கேஸு வேற. அவன் கத சொன்னான். நான் கோட்டுப் போட்டுக்குனு மனு எழுதினேன்."

"ஆளுக்கு ஆள் சட்டம் வேறயா முசே?" என்று கேட்டுவிட்டு, பயந்துகொண்டே வாசலைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன். "இவர் எழுதின மனுவால நஷ்டப்பட்டவங்க கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சைகோனுக்குப் போன கணவரை இழந்த ஒரு அம்மாள், "எம் பென்ஷனு இவரு எழுதினப்புறந்தான்யா வந்துச்சு. இவரு பங்கா இழுத்தா என்ன, தேர் இழுத்தா என்ன?" என்றார். ஏழுமலை, "எனக்கு லாபந்தான்" என்றார். அவரை எல்லோரும் முறைத்தோம். பாவாடை தயங்கித் தயங்கி, "பாரீஸ் போவறதுக்கு எனக்கு ஒரு மனு எழுதினாரு. இன்னும் பதில் வரல. அது நஷ்டம் இல்ல. வந்துட்டா நான் போவணும் இல்ல?" என்றார்.

நான் முனுசாமி பக்கம் திரும்பினேன். "ஓட்டல் லைசென்சு மனு யார் எழுதினது?"

"முசேதான்."

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"சூப்?"

முனுசாமி எதிரே இருந்த தன் போர்டைப் பார்த்தார். "சூப் நல்லாத்தான்யா இருக்குது. அதான்யா வயித்தெரிச்சலே."

நானூத்தஞ்சு அங்கிருந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மெல்ல, கல்லை நகர்த்துவது போல, வலது கால் அசைந்தது. பிறகு ஆடியது.

"மூணாவது இல்ல" என்றார். "ரெண்டு பேருமே நானூத்தஞ்சு இல்ல."

சவரிமுத்து ஓடிப்போய் அடுப்பை மூட்டினார். அன்றைக்குச் சூப் உப்புக் கரித்தது. யாரும் புகார் சொல்லவில்லை.

போர்டு மாறியது: 'கனகசெட்டிக்குளம் கைப்பக்குவம்.' முதலியார்பேட்டை ஆட்கள் இரண்டு மாதம் வரவில்லை. பிறகு, சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொருவராக வந்தார்கள். ஸ்பூன் கேட்கவில்லை, கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார்கள். நானூத்தஞ்சு கோட்டை ஓட்டல் ஆணியில் மாட்டியவர் மறுபடி போடவே இல்லை. மூன்றாவது மேஜையில் ஒரு அட்டை வைத்தார். என்னைத்தான் எழுதச் சொன்னார்: 'முன்னாள் பங்கா இழுப்பவர். மனு எழுதப்படும்.' ஏறக்குறையப் பாதிப் பேர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். மீதிப் பாதி அதே பழைய வழக்கப்படி எழுந்து நின்று, "முசே" என்றார்கள்.

420 எங்கள் ஊர்ச் சட்டத்தில் ஏறுவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்லதுதான். அந்த விசாரணைகளை மறுபடி முதலிலிருந்து நடத்த அவருக்கும் தெம்பில்லை, எங்களுக்கும் இல்லை.

அன்றைக்கே எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். அந்த ஒரே ஒரு புரூஃப் மட்டும் என்னிடம் இருக்கிறது. மை கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஒன்பது எழுத்தும் தெரிகிறது. அவர் பெயர் என்ன என்று இத்தனை வருடத்தில் பதினாறு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். தெரியாது என்றுதான் பதினாறு பேரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பொய்தான். ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை முசே.